சிதம்பரம் சைக்கிளை ஏன் வேண்டாம் என்றேன்

பொறாமையாம். அதுவும் எனக்காம். அதுவும் ஒரு சைக்கிள் மேலாம். ஏம்மா, போன சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "நான் ஓட்டறதே ஒனக்குப் புடிக்கலப்பா. வயித்தெரிச்சல். அதான் நல்ல வண்டியப் போயி ஒடஞ்ச வண்டின்னு சொல்ற" என்றாயே, அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பதில் இல்லாமல் இல்லை. முன் சீட்டில் இருந்த அம்மாள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கு ஓசியில் படம் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அந்த வண்டி உடைந்த வண்டிதான். "ஒனக்கு எப்டித் தெரியும்?" என்று மூன்று தடவை கேட்டாய் பார், அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. சொல்லக் கூச்சமான பதில் இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகளுக்குக் கடிதம் எழுதுகிறவன் இந்தக் கடலூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, நீ என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. "அம்மா, அவரக் குளிச்சிட்டு வரச் சொல்லு." "அம்மா, அவரு டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லு." நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி சுமந்து உன் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "எனக்கு ரெண்டு பேரும் கூலி குடுங்க, இல்ல, நானும் பேச மாட்டேன்" என்கிறாள். அவள்தான் நேற்று சொன்னாள், நாளைக் காலை நீ தனியாகப் போய் அந்தக் கறுப்புச் சைக்கிளை வாங்கிவரப் போகிறாய் என்று. அடுத்த ஞாயிறு அதில் ஏறி உன் சைக்கிள் கூட்டத்தோடு இருநூறு கிலோமீட்டர் ஓடப் போகிறாயாம். ஆக எனக்கு இன்று ஒரு நாள்தான் இருக்கிறது. நீ லேபுக்குப் போனதும் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தாள் உன் பழைய ரெக்கார்டு நோட்டு. முன்பக்கத்தில் ஒரு தவளையை மல்லாத்தி வயிற்றைப் பிளந்து படம் போட்டிருக்கிறாய். நன்றாக வந்திருக்கிறது. இந்தக் கடிதம் முடியும்போது என் நிலைமையும் அதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதன் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன்.

நீ என்னை நம்பாததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நம்புகிற மாதிரி நான் என்ன செய்திருக்கிறேன்? உன் சின்ன வயதில் குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் சங்கு ஊதும்போதெல்லாம், வீட்டுக்கணக்குப் போடாத பிள்ளைகளை எண்ணுகிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ ஆறாவது வரைக்கும் சங்குச் சத்தம் கேட்டால் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாய். போன வருடம் சைக்கிள் ஓட்டுவதற்கென்று பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை ஒன்று வாங்கிக் கொடியில் காயப்போட்டாய். எதிர்வீட்டுக்காரி அது என்ன என்று கேட்டாள். "பேரப்புள்ள பொறந்தா வேணும்ல, முன்கூட்டியே தச்சி வச்சிட்டோம்" என்றேன். அவள் தெரு முழுக்க வாழ்த்து வாங்கிக்கொண்டு வந்து உன் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்றாவது சும்மா இருந்தேனா? "பொண்ணு நல்லா சமைப்பா. ஆனா நீங்க நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னு சாப்பிடணும், அவ அங்கதான் இருப்பா" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாளோ பிழைத்தோமோ. அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீடு உனக்குச் சரிப்படும் என்று. என் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்க முடியாது. ஆனால் இப்படி முப்பது வருடம் விளையாடியவன் ஒரு நாள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு "இந்த வண்டி வேணாம்" என்றால், மகள் அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பாள். அது என் தப்பு. முதல் தப்பு. பெரிய தப்பு பின்னால் வருகிறது, அவசரப்படாதே.

என் தொழில் உனக்குத் தெரியும். ஆனாலும் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா கப்பல் இன்ஜினியர்" என்று சொல்லி வைத்திருந்தாய். அதனால் திருத்திச் சொல்கிறேன். நான் ஓட்டைப் படகை ஒட்டுகிறவன். முதுநகர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ரெசின் டப்பா, கண்ணாடி நாரில் செய்த மேட், ஒரு கிரைண்டர். ஃபைபர் படகு கல்லில் மோதி வரும், இன்னொரு படகில் இடித்துக்கொண்டு வரும். உடைந்த இடத்தைச் சுற்றிக் காசால் தட்டிப் பார்த்து, சத்தம் செத்துக் கேட்கிற பகுதியை முதலில் அறுத்து எடுக்க வேண்டும். நல்ல பகுதி தெரிகிற வரைக்கும் அறுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மேட்டை வைத்து ரெசின் பூசி, மேலே பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட். இதில் அறுப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அலங்காரம். அந்த அலங்காரத்தில் எனக்கு ஆசை ஜாஸ்தி. நம் வீட்டில் உடைந்த பொருள் எதுவும் குப்பைக்குப் போனதில்லை. வாளியை ஒட்டினேன், நாற்காலியை ஒட்டினேன். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சூசையப்பர் சிலைக்குக் கை ஒடிந்தபோது புதுக்கை செய்து வைத்தேன். அது கொஞ்சம் நீளமாகப் போய், இன்றைக்கும் அவர் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா ஒவ்வொரு வருடமும் அவரைத் திருப்பி வைப்பாள், நான் திரும்ப மாட்டுப் பக்கம் திருப்பி வைப்பேன்.

இப்படிப்பட்டவனைத்தான் நீ போன வாரம், "ப்பா, கார்பன் வண்டி ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது. நீ வந்து தட்டிப் பாரு. படகு தட்டற மாதிரிதான்" என்று கூப்பிட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கு அங்க என்னா வேல, நான் என்ன சைக்கிள் டாக்டரா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் இஸ்திரி போட்ட சட்டையை எடுக்கச் சொன்னேன். போகிற வழி முழுக்க நீதான் பேசினாய். போனில் படம் காட்டினாய். இரும்பு வண்டி அடிபட்டால் வளையும், அலுமினியம் நசுங்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். கார்பன் அப்படி இல்லை. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே நார் பிரிந்து கிடக்கும். ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ரெண்டாகப் போகும். "வளையாதுப்பா. எச்சரிக்கையே கெடையாது. ஒரேடியா ஒடியும்" என்று நீ சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். மன்னித்துக்கொள். அந்த வார்த்தைதான் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் அந்தச் சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மேலே வீடு. கடைக்காரர் நல்ல மனிதர். தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று பாண்டிச்சேரியில் யாரிடமோ பழசாக வாங்கினாராம். முதுகு வலி வந்ததும் மாடிப்படிக்குக் கீழே மாட்டி வைத்துவிட்டாராம். "காசு கொறஞ்சுது, தொப்பை கொறையல ஐயா" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தாள். நீ அவர்களிடம் என்னைப் பற்றி ஏற்கெனவே போனில் அளந்து வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒங்க பொண்ணு சொன்னாங்க ஐயா, நீங்க கைய வச்சிப் பாத்தா போதும், கடல்ல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராதாமே."

"அது சும்மா சொல்லுவா தம்பி. நான் வேல செஞ்ச படகுல ஏறணும்னா நானே நீச்சல் தெரிஞ்சவனா பாத்துத்தான் அனுப்புவேன்."

"எங்கப்பா இப்பிடித்தான் சார். வேலைல மட்டும் வெளயாட்டே கெடையாது" என்றாய் நீ.

அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாமல் இருந்திருந்தால், நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. நினைக்கிறேன்.

கடைக்காரர் வண்டியைத் திருப்பி வைத்தார். நான் ஐந்து ரூபாய்க் காசை எடுத்தேன். மேல்குழாயில் தட்டினேன். டக், டக், டக். கண்ணாடித் தம்ளரில் தட்டுகிற மாதிரி சுத்தமான சத்தம். மூட்டுப் பக்கம் கனமாக வந்தது. அங்கே கனமாகத்தான் வரும், அங்கே சதை ஜாஸ்தி, அது குற்றம் இல்லை. அப்புறம் கீழ்க்குழாய். தண்ணீர்ப் பாட்டில் மாட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, டக், டக், தப். குழாயின் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில், நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. தப், தப். சரி, அடிபட்ட வண்டிதான் என்று உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். எடுத்தவன் நிறுத்திக்கொண்டு, அந்தச் செத்த சத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காசால் சுற்றித் தட்டிக்கொண்டே போனேன். அது ஒரு பலாக்கொட்டை மாதிரி இருந்தது. நீளவாட்டில் ஒன்று, முனை மழுங்கி.

நான் ஒருவன்தான் மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பலாக்கொட்டை மாதிரி கிழிக்கிறவன். மூலை இருந்தால் மூலைதான் முதலில் தூக்கும், அதனால் மூலையே இருக்கக் கூடாது என்பது என் வழக்கம். துறைமுகத்தில் மற்ற எல்லோரும் சதுரமாக வெட்டி ஒட்டுவார்கள். என்னை "பலாக்கொட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள், நீ அதை நான் பலா விளைகிற காடாம்புலியூர்க்காரன் என்பதால் வந்த பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நீயும் கடைக்காரரும் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நகத்தால் அந்த விளிம்பில் சுரண்டினேன். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் படகு நீலம் தெரிந்தது. பட்டியில் மிச்சம் கிடந்த நீலத்தைக் கலக்கிறவனும் நான் ஒருவன்தான். வெயில் மண்டையில் இல்லை, படிக்கட்டு நிழல்தான். எனக்கு மட்டும் வியர்த்துவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததை நீ பார்த்தாய். "இந்த வண்டி வேணாம் பாப்பா, கெளம்பு" என்றேன். ஏன் என்று கேட்டாய். வேணாம்னா வேணாம் என்றேன். அந்த மனிதர் முகம் சுண்டிப் போய்விட்டது. "ஐயா, நான் ஏமாத்தி விக்கறவன்னு நெனச்சிட்டீங்களா? என்னா கொறைன்னு சொன்னா நானும் தெரிஞ்சிக்குவேன்ல" என்றார். அவர் மனைவி பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் செருப்பைத் தேடினேன். இடது காலில் உன் செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு படி இறங்கினேன். நீ அதை விளையாட்டு என்று நினைத்தாய். அது விளையாட்டு இல்லை பாப்பா. எனக்கு எது என் செருப்பு என்று தெரியவில்லை.

சரி, பெரிய தப்புக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், எனக்கு வேலை தலைக்கு மேல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் காரில் வந்து இறங்கினார். டவுன் ஆள், பாண்டிச்சேரிப் பக்கம். கையில் ஒரு கறுப்புச் சட்டம். சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, மூன்று குழாயும் ஒரு வெடிப்பும். ஒரு விரலில் தூக்கிப் பார்த்தேன், முருங்கைக்காய்க் கட்டு அளவுக்குக்கூட எடை இல்லை.

"என்னா சார் இது, பப்பாளித் தண்டா?" என்றேன்.

"சைக்கிள் ஃபிரேம் அண்ணே. கல்லுல விழுந்துட்டுது. மெட்ராஸ்ல குடுத்தா மாசக்கணக்கா ஆவும்னு சொல்றாங்க. நீங்க ஃபைபர் ஒட்டுவீங்களாமே?"

"கப்பலயே ஒட்டறவன்கிட்ட வந்து காத்தாடிய நீட்டறீங்களே சார். வையிங்க, சாப்ட்டுட்டு வந்து ஒட்டித் தரேன்."

"தாங்குமா?"

"ஒங்க பேரன் ஓட்டுவான், போங்க."

காசால் தட்டினேன். வெடிப்பைச் சுற்றி இரண்டு விரற்கடைக்குச் சத்தம் செத்திருந்தது. அறுக்க வேண்டும் என்று அப்போதே தெரியும். ஆனால் அறுத்தால் அந்த மெல்லிசுக் குழாயில் பெரிய ஓட்டை விழும், வேலை நீளும். அன்று உன் அம்மா வஞ்சிரம் மீன் குழம்பு வைத்திருந்தாள், கொட்டகையில் மூன்று படகுக்காரர்கள் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மனுஷன் விளையாடுகிற பொம்மைக்கு இவ்வளவு என்னத்துக்கு என்று நினைத்தேன். அறுக்கவில்லை. மேலாகத் தேய்த்துவிட்டு, படகு மேட்டையே இரண்டு அடுக்கு வைத்து, மிச்சம் கிடந்த நீலத்தைக் கலந்து பட்டி பார்த்து, கறுப்பு அடித்துக் கொடுத்தேன். பார்த்தால் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் பெருமைதான். உள்ளே செத்ததை வைத்து மேலே அலங்காரம் செய்து அனுப்பிவிட்டு அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஒரு படகுக்கு நான் இப்படிச் செய்ததில்லை. படகில் போகிறவன் எனக்குத் தெரிந்தவன், சாயங்காலம் டீக்கடையில் பார்க்க வேண்டிய முகம். காரில் வந்தவர் முகம் எனக்கு மறுநாளே மறந்துவிட்டது. உண்மை அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான்.

கார்பனை ஒட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நீ அன்று காட்டிய படத்தில் ஒருத்தர் அதே கறுப்பு நாரை வைத்து, நல்ல பகுதி வரைக்கும் இழைத்து, சூடு காட்டி ஒட்டினாரே, அது தொழில். நான் செய்தது சூசையப்பர் கை. சூசையப்பர் மேல் யாரும் ஏறி இருநூறு கிலோமீட்டர் ஓட்டப் போவதில்லை.

இந்த ஆறு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நான் அலைந்த கதையையும் கேள். செவ்வாய்க்கிழமை நீ சாப்பிட உட்கார்ந்தாய். எதிரில் வந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தேன். "அம்மா, அவருக்குச் சுடுதண்ணி வச்சிக் குடு, சளி புடிச்சிருக்கு" என்றாய். பேசாவிட்டாலும் கவலைப்படுகிறாளே என்ற சந்தோஷத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சுடுதண்ணீர் குடித்தேன். வியாழக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றேன். கோபம், பொய், பக்கத்து வீட்டுக்காரன் மேல் எரிச்சல் என்று வழக்கமான சரக்கையெல்லாம் அவிழ்த்தேன். இதை மட்டும் பத்துக் கட்டளையில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டார். பின்னால் வேறு வரிசை நின்றது. அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று, "ஏம்மே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "எந்தத் தப்புங்க?" என்று அவள் கேட்ட விதத்தில், பட்டியல் அவளிடம் தயாராக இருப்பது தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

எனக்கு என்ன பயம் என்று நீ கேட்பாய். உன் கோபத்துக்கு நான் பயப்படவில்லை, அது எனக்குப் பழக்கம், உன் அம்மா வழியில் வந்தது. "வேலைல மட்டும் வெளயாட்டே கெடையாது" என்று நீ ஊரெல்லாம் சொல்லுகிறாய் பார், என்னிடம் இருக்கிற ஒரே நல்ல சட்டை அது. அதைக் கழற்றினால் உள்ளே பனியன்கூட இல்லை. அதைக் காப்பாற்றிக்கொண்டு உன்னையும் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குத்தான் "வேணாம்னா வேணாம்". நடக்கவில்லை. நீ என்னைவிடப் பிடிவாதக்காரி. ஆகவே கழற்றி வைத்துவிட்டேன். நீ அந்த வண்டியில் ஏறாதே. கீழ்க்குழாயில் இருப்பது உன் அப்பன் வேலை. அதை நம்பாதே.

இது சனிக்கிழமை காலை. நேற்று நீ வேலை முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்ததும், இதுவரை எழுதிய தாள்களைச் சுருட்டி அதற்குள் சொருகி வைத்தேன். காலையில் புறப்படும்போது கையில் எடுப்பாய் என்று கணக்கு. எடுத்தாய். இப்போது அடுப்படித் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே படித்துக்கொண்டிருக்கிறாய். அம்மா கடாயில் ஒன்றும் இல்லாமலேயே கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கொண்டு எழுதுகிற மாதிரி நடிக்கப் போய், நிஜமாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இன்னும் முக்கியமான விஷயத்துக்கு வரவில்லை. ஈஸ்டர் கழிந்து உனக்குக் கல்யாணம். அதற்கு ஒரு அப்பன் சொல்ல வேண்டிய புத்திமதி என்று மூன்று தாள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதல் புத்திமதி: உன் புருஷன் காரணம் சொல்லாமல் "வேணாம்" என்றால் விடாதே. மூன்று தடவை கேட்டும் சொல்லவில்லை என்றால் நான்காவது தடவையும் கேள். அவன் உன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஏதோ...

அடுப்படி வாசல் வழியாகத் தெரிகிற உன் கால் ஆட்டம் நின்றுவிட்டது. பலாக்கொட்டைத் தாளுக்கு வந்துவிட்டாய் போலிருக்கிறது.

வந்து நின்றாய். மறந்துவிடக் கூடாது என்று பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஒட்டுனது நீயா?"

"ம்."

"தெரிஞ்சேவா?"

"அறுக்காம ஒட்டுனது தெரிஞ்சிதான். அதுல ஆள் உசுரு இருக்குன்னு தெரியாம."

"அன்னிக்கி பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தம்மா முறுக்க கையில வச்சினு பாத்துனே இருந்துச்சி பாப்பா."

உனக்குச் சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டு தாள்களை மடித்தாய். "சட்டையப் போடு" என்றாய்.

"எங்க?"

"சிதம்பரம்."

"அதான் வாங்கப் போறதில்லியே?"

"நான் வாங்கலப்பா. அவரு ஜெராக்ஸ் கடைல போட்டோ ஒட்டி வச்சிருக்காரு. நாளைக்கி வேற எவளாவது வந்து எடுத்துனு போவா. அவளுக்குக் கூட வந்து தட்டிப் பாக்கறதுக்கு யாரு இருக்கா?"

ஆறு நாள், பாப்பா. ஆறு நாளும் உன்னை அந்த வண்டியிலிருந்து எப்படி இறக்குவது என்று மட்டும்தான் யோசித்தேன். உனக்கு அடுத்தபடி ஏறப்போகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. பாண்டிச்சேரிக்காரர் முகத்தை மறந்த மாதிரியே இவளையும், பார்ப்பதற்கு முன்னாலேயே மறந்துவிட்டேன். உனக்கு அது அரை நிமிடத்தில் தோன்றிவிட்டது.

"போன்ல சொல்லிப்புடலாமே" என்று முனகினேன்.

"போன்ல சொன்னா நம்புவாரா? காரணம் சொல்லாம ஓடியாந்த ஆளு நீ. நேர்ல வா. நீ எதுத்தாப்புல நின்னு சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்."

"ஏங்க, அவ பேசிட்டா ஒங்ககிட்ட" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். ஆமாம், பேசிவிட்டாய். திட்டுவது மாதிரி இருந்தாலும் நேராக என்னிடமே பேசினாய், நடுவில் கூலி கிடையாது. எனக்குள் ஒரு சந்தோஷம், வெட்கத்தோடு சேர்ந்துகொண்டு கிடக்கிறது. பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

"எட்டே முக்கால் பஸ்ஸு. நான் முன்னாடி போறேன், வந்து சேரு" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டாய். ஏ பாப்பா, நில்லு, கடிதம் முடியவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஆரம்பித்ததே பாதியில் நிற்கிறது, மாமியாருக்கு ஒரு முழுத்தாள் இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். ஊரையே வாயால் கட்டி மேய்த்தவன், அந்தப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றதும் முதல் வார்த்தையாக எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அதை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போ என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறேன். நீ தெருமுனை திரும்பிவிட்டாய். அம்மா என் சட்டையோடு வந்து நிற்கிறாள்.